ஓட்டமும் கைவீச்சும்: வேகப்பந்து பற்றிய சில நம்பிக்கைகள்

1934ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சேப்பாக்கம் மைதானத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ஆட்டத்தில், வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலன் வீசிய பந்தே ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளின் முதற்பந்து. ஆகவே வேகப்பந்து வீச்சு இந்நகரத்துக்கு நேற்று வந்த வித்தையன்று. எனினும் தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்திலும் மயிலாப்பூர், அடையாறுப் பள்ளி மைதானங்களிலும் ஓரமாக நின்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் தகப்பன்மார்களிடையே இன்றும் வழங்கிவரும் அபிப்பிராயங்களிற் சில, வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, வளரும் பிராயத்துச் சரீரத்தின் முதுகெலும்பையே பதம் பார்க்கக்கூடியவை என்பதனால், அவற்றைப் பொறுமையுடன் ஆராய்வது அவசியமாகிறது.

முதலாவது நம்பிக்கை, எவ்வளவு தூரத்திலிருந்து ஓடி வருகிறோமோ அவ்வளவு வேகம் கிடைக்கும் என்பது. இதில் பாதி உண்மை உண்டு. கிரீஸை வந்தடையும் கணத்தில் ஓட்டம் விரைவாக இருப்பது பந்தின் வேகத்துக்குத் துணைசெய்யும். ஆனால் அந்த விரைவு தூரத்தைப் பொறுத்ததன்று. வாசிம் அக்ரமின் ஓட்டம் குறுகியது. ஜஸ்பிரித் பும்ராவின் ஓட்டமோ தொடக்கத்தில் தயங்கித் தயங்கி நடப்பது போன்றது. இருவருடைய வேகத்தையும் யாரும் சந்தேகித்ததில்லை. மைல்கணக்கில் ஓடிவந்து கடைசி இரண்டடியில் தளர்ந்துபோகும் சிறுவனுக்கு மிஞ்சுவது மூச்சிரைப்பு மட்டுமே. ஓடிவந்த வேகத்தை ஓரிடத்தில் அடக்கி நிறுத்தும் சாமர்த்தியமே இங்குப் பிரதானம். பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் தேர் ஓடிவரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்தால், அடித்தட்டு நின்றுவிட, கலசமும் தொம்பைகளும் முன்னோக்கி ஓர் ஆட்டம் ஆடி அடங்குவதை மாடவீதியில் நின்றவர்கள் அறிவார்கள். முன்கால் உறுதியாக ஊன்றப்படும்போது பந்துவீச்சாளனின் சரீரத்தில் நிகழ்வதும் அதுவே. ஓட்டத்தின் வேகம் இடுப்புக்கும், இடுப்பிலிருந்து மார்புக்கும், அங்கிருந்து தோள், மணிக்கட்டு வழியாகப் பந்துக்கும் கைமாறுகிறது.

இதனாலேயே, "வேகம் தோளில்தான் இருக்கிறது, கையை முடிந்தமட்டும் சீக்கிரம் சுழற்று" என்னும் இரண்டாவது நம்பிக்கையை எல்லாவற்றிலும் அபாயகரமானதாகக் கருதுகிறேன். முன்கால் தரையில் படுவதற்கும் பந்து கையைவிட்டு நீங்குவதற்கும் இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த அற்ப அவகாசத்துக்குள், கீழிருந்து மேலாக ஒவ்வோர் அங்கமும் தன் முறை வரும்வரை காத்திருந்து இயங்க வேண்டும். அவசரப்பட்டுக் கையை முன்கூட்டியே சுழற்றிவிடும் பையனுக்கு, முன்கால் ஊன்றிப் பிறக்கும் விசை மேலே வந்து சேருவதற்குள் கை தன் யாத்திரையை முடித்துக்கொண்டுவிடுகிறது. பந்தில் சேருவது அவனுடைய புஜபலம் மாத்திரமே. லஃபரோ பல்கலைக்கழகத்தார் தேர்ந்த வேகப்பந்து வீச்சாளர்கள் 20 பேரை அளந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும், அதிவேகமாக வீசியவர்களிடம் விரைந்த ஓட்டம், மடங்காத முன்முழங்கால், முன்னோக்கி நன்கு வளையும் உடல் ஆகியவற்றோடு, தாமதித்து வரும் கை என்னும் லட்சணமும் காணப்பட்டது. இதைச் சோதிக்க மைதானத்தில் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. கைபேசியில் மெதுவோட்டப் படம் பிடித்து, முன்கால் தரையைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பார்த்தால், பந்துள்ள கை இன்னும் பின்புறமே இருக்கிறதா, காதருகே வந்துவிட்டதா என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். பந்தில்லாத கையையும் கவனிக்க வேண்டும். அது உயர்ந்து நின்று விலாவை நோக்கி வலுவாக இறங்கும்போதுதான் மற்றக் கை ஒழுங்காக மேலேறுகிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும்: முன்கால் ஊன்றும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசை அதில் தாக்குவதால், முழங்காலை மடக்காதே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பலவந்தப்படுத்துவது தகாது.

பக்கவாட்டில் திரும்பி வீசும் 'சைட்-ஆன்' முறையே சாஸ்திரோக்தமானது, மற்றவை பிழை என்பது மூன்றாவது நம்பிக்கை. பின்காலைக் கிரீஸுக்கு இணையாக வைத்து இடுப்பையும் தோளையும் பக்கவாட்டில் நிறுத்துவது ஒரு முறை. மால்கம் மார்ஷலைப் போல மார்பைத் திறந்து ஆட்டக்காரனை நோக்கியபடி வீசுவது இன்னொரு முறை. இரண்டும் செம்மையானவையே. இடுப்பு ஒரு திசையும் தோள் மற்றொரு திசையுமாக முறுக்கிக்கொள்ளும் கலப்பு முறைதான் கீழ்முதுகெலும்பை வருத்துவது. 'சைட்-ஆன்' என்னும் பெயரைக் காப்பாற்றுவதற்காக, இயல்பாகவே மார்பு திறந்து வீசும் பையனின் தோளை மட்டும் பிடித்துத் திருப்பிவிடும் பயிற்றாளர், தாம் அறியாமலே அந்த முறுக்கை உண்டாக்கிவிடுகிறார். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சியகம் தொடங்கப்பட்டபோது அதற்குப் பொறுப்பேற்று வந்த டென்னிஸ் லில்லி, 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் முதுகெலும்பு முறிவுற்று, தம் வீச்சு முறையைச் சீர்திருத்திக்கொண்டு மீண்டும் எழுந்தவர்; பயிற்றாளர் டி.ஏ. சேகரோடு அவர் சேத்துப்பட்டு மைதானத்தில் இளைஞர்களின் கால்களையும் இடுப்பையும் அத்தனை கவனமாகப் பார்த்ததில் வியப்பில்லை. நம் ஊர் எல். பாலாஜியும், 2004ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் பெரும்புகழ் பெற்றபின், முதுகெலும்பு முறிவினால் நெடுநாள் விலகியிருந்து வீச்சு முறையை மாற்றிக்கொண்டே திரும்ப நேர்ந்தது.

கை வளைந்திருந்தால் அது 'மாங்கா', அதாவது வீசாமல் எறிந்த பந்து, என்று தெருவில் உடனே தீர்ப்புக் கூறிவிடுவார்கள். விதி கேட்பது வளைவையன்று. கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரையில் முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதையே. 2005 முதல் அதன் வரம்பு 15 பாகை. பிறவியிலேயே முழங்கையை முற்றும் நீட்ட இயலாத கண்டித் தமிழர் முத்தையா முரளிதரன், கண்ணுக்கு எறிபவர் போலத் தோன்றியும், பல பரிசோதனைகளுக்கு உட்பட்டு 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்து முடித்தார். இத்தகைய பரிசோதனை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்திலும் நடைபெறுகிறது. பாகிஸ்தானின் முகமது ஹபீஸ் 2015இல் சென்னையில் அளக்கப்பட்டு ஓராண்டுத் தடை பெற்றார். வெறுங்கண் இதற்குப் போதிய சாட்சியன்று.

இறுதியாக, நோ-பால் விழுவது கவனக்குறைவால், ஆகவே ஓடிவரும்போது கோட்டைப் பார்த்துக்கொண்டே வா என்னும் போதனை. கோட்டைப் பார்ப்பவனுக்குத் தலை கவிழ்கிறது, கடைசி அடி குறுகுகிறது, கைவீச்சின் காலமும் அதனோடு கெடுகிறது. கிரீஸில் நின்று எதிர்த்திசையில் முழு வேகத்தோடு ஓடி, தாவிப் பந்து விடும் இடத்தை இன்னொருவர் குறித்துக்கொள்ள, பலமுறை ஓடியதில் பெரும்பாலும் கால் விழுந்த இடத்தையே புறப்படும் அடையாளமாகக் கொள்வதுதான் முறை. சேப்பாக்கத்தில் பிற்பகலில் கடற்காற்று எழுந்ததும் காற்றின் திசைக்கேற்ப அடியின் நீளம் மாறிவிடுமாதலால், காலையில் இட்ட அடையாளத்தை நம்பியிராமல் மீண்டும் ஓடிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.