கொடையும் கடைத்தெருவும்

நுழையும்முன்

பேரிடர் நேர்ந்த நாட்டிற்குக் கப்பல் கப்பலாகப் பொருள் அனுப்புவதே பேருதவி என்று உலகம் நெடுங்காலம் எண்ணிவந்தது. அப்பொருள் சென்று சேரும் ஊரிலும் ஓர் உழவர், ஒரு தையற்காரர், ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்பதை மறந்தது. அம்மறதியின் விலையையும் அதற்கான மாற்றுவழியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஹைட்டியின் நெல்வயல்கள்

கரீபியக் கடற்பகுதியில் உள்ள ஹைட்டியில் ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கு நெல்வளம் மிக்கது. 1980களின் தொடக்கம்வரை அந்நாடு தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. 1995இல் அரிசிக்கான இறக்குமதி வரி 50 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மானியம் பெற்று விளைந்த அமெரிக்க அரிசி சந்தையை நிறைத்தது. அவ்விலைக்கு விற்க இயலாத உள்ளூர் உழவர் பலர் நிலத்தைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தனர்.

2010 சனவரி 12 அன்று பெரும் நிலநடுக்கம் அந்நாட்டைச் சிதைத்தது. உலகெங்கிலுமிருந்து உணவு மூட்டைகள் வந்திறங்கின. அவை பலரின் உயிரைக் காத்தன. ஆயினும், இலவச உணவு தொடர்ந்து வந்தால் உள்நாட்டு உற்பத்தியும் வணிகமும் நலிவடையும் என்று குடியரசுத் தலைவர் ரெனே பிரெவால் எச்சரித்தார். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் பில் கிளிண்டன், தாம் ஆதரித்த அரிசிக் கொள்கை தவறானது என்று செனட் குழுவின்முன் ஒப்புக்கொண்டார்.

விலையில்லாப் பொருளின் விலை

இலவசமாகக் கிடைக்கும் பொருளோடு போட்டியிட எவராலும் இயலாது. ஊரில் ஆடைகள் வந்து குவிந்தால் தையற்காரரிடம் துணி தைக்கக் கொடுப்பார் இல்லை. அவர் வருவாய் இழந்தால் மளிகைக் கடையில் வணிகம் குறையும். கடைக்காரர் உழவரிடம் வாங்குவதும் குறையும். உதவி ஒருநாள் நின்றுபோகும். அன்று உதவியும் இராது, தொழிலும் இராது.

மாறாக, அதே தொகைக்கு உள்ளூரிலேயே பொருளை வாங்கினால், பணம் பல கைகள் மாறிப் பல குடும்பங்களை வாழவைக்கும். கப்பல் கட்டணமும் மிஞ்சும். ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டம் 2008இல் தொடங்கிய முன்முயற்சி ஒன்று, இருபது நாடுகளில் சிறு உழவர்களிடமிருந்தே உணவுப்பொருள் கொள்முதல் செய்ய வழிவகுத்தது. சந்தை இயங்கும் இடங்களில் பாதிக்கப்பட்டோருக்குப் பணமாகவே உதவும் முறையும் இன்று பரவிவருகிறது. தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடமே இருக்கிறது.

காலமறிந்து உதவுதல்

பொருளுதவியே கூடாது என்பதன்று இதன் பொருள். சாலைகள் துண்டிக்கப்பட்டுக் கடைகள் இடிந்து கிடக்கும் நாள்களில் குடிநீரும் மருந்தும் உணவும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். கடைகள் திறந்தபின்னும் அதனை நீட்டிப்பதே பிழையாகிறது. தேவையறியாத ஈகை வீணாவதை நம் கடற்கரையும் கண்டது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழைய ஆடைகள் கொள்வாரின்றிச் சாலையோரங்களில் கிடந்தன. அனைத்தையும் இழந்தோரும் தன்மதிப்பை இழக்கவில்லை.

திருக்குறளில் ‘ஈகை’ அதிகாரத்திற்கு முன்னதாக அமைந்திருப்பது ‘ஒப்புரவறிதல்’. உலகநடை அறிந்து உதவுவதே ஒப்புரவு. கொடுப்பவர் தம்மிடம் மிகுந்திருப்பது எது என்று பாராமல், பெறுபவரிடம் எஞ்சியிருப்பது எது என்று பார்க்கவேண்டும். எஞ்சியிருக்கும் ஏர், தறி, தையற்பொறி, சிறுகடை ஆகியவற்றை மீண்டும் இயங்கச் செய்வதே நிலைத்த உதவியாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கடை ஒன்றில் நீங்கள் செலவிடும் பணம் அடுத்து யார் யாரிடம் செல்கிறது என்பதைக் கேட்டறிந்து வரைபடமாக்குக.
2. ‘பேரிடர்க் காலத்தில் தேவை பொருளா, பணமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.