மார்ச்சில் சொல்லிக்கொடுத்தது செப்டம்பரில் கைகொடுக்க

ஏற்காட்டு மலையில், நாகலூரைச் சுற்றியுள்ள காபித் தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருக்கிறீர்களா? ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பதில் உங்களுக்கு முதல் சோதனை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சிதான். அரபிகா செடிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. இதன் வண்டுகள் ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளியே பறக்கும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புழு புகுந்த செடிகளைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். பட்டையில் மேடு தட்டிய வரிகள், மஞ்சளாகி வாடும் இலை ஆகியவையே அடையாளம். ஒரு செடி கண்ணுக்குத் தப்பினாலும் அதிலிருந்து வரும் வண்டு பக்கத்துச் செடிகளில் முட்டையிடும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை இது. மார்ச்சில் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து விளக்கிவிட்டு, செப்டம்பரில் அதே கூர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன் நினைவையே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது. புதிய நினைவு மூளையில் உறுதிப்படக் கால இடைவெளி வேண்டும், நல்ல தூக்கமும் வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஆய்வு, பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களைப் பற்றி ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978இல் வெளியிட்டது. ஊழியர்கள் தட்டச்சு கற்றார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக நாளுக்கு இரு வேளை. விசைப்பலகை கைவர முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரப் பயிற்சி போதுமாக இருந்தது. இரண்டாவது குழுவுக்கு 50 மணி நேரம் ஆனது. ஆனால் முதல் குழுவினருக்குத்தான் பயிற்சியில் திருப்தி குறைவு; நாட்கள் இழுத்துக்கொண்டு போயின அல்லவா! ஆகவே பயிற்சி முடிந்ததும் ‘பிடித்திருந்ததா’ என்று கேட்டு அதன் தரத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் கழித்துத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய் ஒரு வரிசைச் செடிகளைக் காட்டுங்கள். எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்பதே அளவுகோல்.

ஒரு நாள் வகுப்பைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துவிடுங்கள். காலையில் ஆள் கணக்கு எடுத்ததும் மேஸ்திரியே நடத்தலாம். இரண்டு நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று, பிறகு மாதம் ஒன்று. ஒவ்வொரு முறையும் முதலில் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள். ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் இதை 2006இல் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

கைபேசி இங்கேதான் உதவும். காபி வாரியம் 2018இல் தொடங்கிய ‘காபி கிருஷி தரங்கா’ சேவை, விவசாயிகளுக்குக் கைபேசியிலேயே ஆலோசனை சொன்னது. எழுதப் படிக்கச் சிரமப்படுபவருக்கும் குரல் எட்டும் என்பதால், உங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் குரல் பதிவையே பயன்படுத்துங்கள். நீண்ட வீடியோ வேண்டாம். ஒரு தண்டின் படம் அனுப்பி, ‘இது துளைப்பானா, இல்லையா?’ என்று கேளுங்கள். பதிலை மறுநாள் சொல்லுங்கள். துளைப்பான் தாக்கிய செடி, வறட்சியில் வாடிய செடி, வேர் அழுகிய செடி, நல்ல செடி எல்லாவற்றையும் கலந்து அனுப்புங்கள். ஓவியர்களின் பாணியை அடையாளம் காணும் சோதனையில், ஒரே ஓவியரின் படங்களை மொத்தமாகப் பார்த்தவர்களைவிட, பலரின் படங்களைக் கலந்து பார்த்தவர்களே பின்னர் நன்றாக இனம்கண்டதாக ஆய்வாளர்கள் கார்னெலும் பியார்க்கும் 2008இல் காட்டினார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தப் பத்து நிமிடம் கூலிக்கு உட்பட்ட நேரமாக இருக்க வேண்டும். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கிய பெண்ணிடம், வீட்டுக்குப் போய் அவர் சொந்த டேட்டாவில் படம் பார்க்கச் சொல்வது அநியாயம். களைத்த தலையில் அது ஏறவும் ஏறாது.

யார் எந்தப் படத்தில் தவறினார்கள் என்று குறித்து வாருங்கள். செப்டம்பர் தேடல் தொடங்கும் முன், அதிகம் பேர் தவறிய அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது உள்ள செடியின் முன்னாலேயே எல்லோரையும் நிறுத்தி, பட்டையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.