தந்தையின் இரண்டு பெயர்கள்

நுழையும்முன்

போர்க்களத்திலிருந்து மீண்டோர் பலர் தாம் கண்டவற்றைத் தம் பிள்ளைகளிடம் கூறியதில்லை. அவ்வாறு வாய்திறவாத தந்தையரின் பணியைப் பிள்ளைகள் ஆவணங்களின் வழியே தேடிக் கண்டடைந்த வகையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1940ஆம் ஆண்டு, பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரித்தானியப் படைகள் பின்வாங்கின. அந்நிலையில், எதிரியின் கரையோரங்களில் திடீரெனப் புகுந்து தாக்கி மீளும் சிறுபடைகளை அமைக்குமாறு தலைமை அமைச்சர் சர்ச்சில் வலியுறுத்தினார். அவ்வாறு உருவானவையே கமாண்டோ படைகள். தென்னாப்பிரிக்கப் போரில் ஆங்கிலேயரை அலைக்கழித்த போயர்களின் குழுக்களுக்குரிய பெயரையே ஆங்கிலேயர் தம் படைக்குச் சூட்டிக்கொண்டனர் என்பது சுவையான செய்தி.

1942இல் தோன்றிய 10ஆம் நேசநாட்டுக் கமாண்டோவில் பிரெஞ்சு, டச்சு, நார்வே, பெல்ஜிய வீரர்கள் தனித்தனிப் பிரிவுகளாக இருந்தனர். அதன் 3ஆம் பிரிவு வியப்பிற்குரியது. 80க்கும் மேற்பட்ட அதன் வீரர்களுள் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிவந்த யூத இளைஞர்கள். இங்கிலாந்து அவர்களுள் பலரை 1940இல் ‘பகைநாட்டு அயலார்’ எனக் கூறி முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. பின்னர் அதே நாடு, அவர்களின் ஜெர்மன் மொழியறிவு தனக்குத் தேவை என்பதை உணர்ந்தது.

இவர்கள் எதிரியிடம் பிடிபட்டால் போர்க்கைதிகளாக நடத்தப்படமாட்டார்கள். நாட்டைக் காட்டிக்கொடுத்தோர் எனக் கொல்லப்படுவார்கள். ஜெர்மனியில் எஞ்சியிருந்த பெற்றோரும் தப்பமாட்டார்கள். ஆகவே, ஒவ்வொருவரும் ஓர் ஆங்கிலப் பெயரை உடனடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முதலெழுத்துகள் மாறாதபடி சிலர் தேர்ந்தனர். கிளாஸ் ஆஷர், காலின் ஆன்சன் ஆனார். வியன்னாவில் பிறந்த பீட்டர் அரானி, பீட்டர் மாஸ்டர்ஸ் ஆனார். கழுத்தில் தொங்கிய அடையாள வில்லையில் அவர்களின் சமயம் இங்கிலாந்துத் திருச்சபை எனப் பொறிக்கப்பட்டது. பிறப்பு, வளர்ப்பு, பள்ளி யாவும் புனையப்பட்டன.

போர் முடிந்தபின் பலர் புதிய பெயருடனேயே வாழ்ந்தனர், மணம் புரிந்தனர், பிள்ளைகளை வளர்த்தனர். தந்தையின் பேச்சில் இழையோடிய அயலொலிக்குக் காரணம் அறியாமலே வளர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்கள் தேடத் தொடங்கியபோது, முதல் தடையாக நின்றது பெயரே. எந்தப் பெயரைத் தேடுவது?

மற்றொரு தடை படையின் அமைப்பிலேயே இருந்தது. 3ஆம் பிரிவு ஒரே அணியாகப் போரிடவில்லை. 1944 ஜூன் 6இல் நார்மண்டியில் தரையிறங்கிய நாளில், அதன் வீரர்கள் வெவ்வேறு கமாண்டோ படைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தனர். எனவே, ஒருவரின் கதை பல படைகளின் ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கமாண்டோ படைகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. அவை படையின் நடமாட்டத்தை நாள்தோறும் கூறும். தனி வீரனைப் பற்றி அரிதாகவே பேசும். இரு பெயர்களையும் இணைக்கும் கண்ணி வேறோரிடத்தில் கிடைத்தது. போருக்குப்பின் குடியுரிமை பெற்றோரின் பெயர்கள் லண்டன் கெசட் என்னும் அரசிதழில் வெளியாயின. பழைய பெயரும் வழங்கும் பெயரும் அருகருகே அச்சான பதிவுகள் அதில் உண்டு. பல ஆண்டுத் தேடலுக்கு விடை ஒரே வரியில் அமைந்துவிடும்.

வேறு சிலர் தம் கதையைத் தாமே கூறினர். ஜெர்மனியின் போர்க்கன் ஊரில் பிறந்த மான்ஃபிரெட் கான்ஸ், படையில் பிரெட் கிரே எனப் பெயர் பூண்டவர். 1945 மே மாதம், போர் ஓய்ந்த சில நாள்களில், நெதர்லாந்திலிருந்து ஜீப்பில் புறப்பட்டுச் சிதைந்த ஜெர்மனியைக் கடந்து தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமை அடைந்தார். அவருடைய தாயும் தந்தையும் அங்கே உயிருடன் இருந்தனர்! பின்னாளில் அமெரிக்காவில் குடியேறிய அவர், தம் பழைய பெயரையே மீண்டும் ஏற்றார்.

களத்தில் வீழ்ந்தோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. புனைந்த சமயத்திற்கேற்ப அவர்தம் கல்லறைகளில் சிலுவை பொறிக்கப்பட்டது. பின்னாளில் ஆய்வாளரும் உறவினரும் சான்று காட்டி வேண்டியதன் பேரில், சிலருடைய கல்லறைகளில் சிலுவைக்கு மாற்றாகத் தாவீதின் விண்மீன் இடம்பெற்றது. அவர்கள் பயிற்சி பெற்ற வேல்ஸ் நாட்டு அபர்டோவி ஊரில் 1999இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அவர்கள் யூத அகதிகள் என்னும் செய்தி மட்டும் அக்கல்லில் இல்லை.