வயலுக்குப் போடுவதும் கண்ணில் வந்ததும் ஒன்றா?

கேள்வி: காண்டாக்ட் லென்ஸ் போடும் என் மகளுக்குக் கருவிழியில் புண் வந்துவிட்டது. பரிசோதனையில் ‘சூடோமோனாஸ்’ என்று சொன்னார்கள். நெல் விதை நேர்த்திக்காக வீட்டில் எப்போதும் சூடோமோனாஸ் பொடி வைத்திருப்போம். அதிலிருந்து தொற்றியிருக்குமா? இனி அதை வாங்கலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாக வாங்குங்கள். பழி அந்தப் பொடியின் மேல் விழ வேண்டியதில்லை.

சூடோமோனாஸ் என்பது பாக்டீரியாக்களின் ஒரு பேரினம். ஜெர்மானியரான வால்டர் மிகுலா 1894-ல் அதற்குப் பெயர் சூட்டினார். மண்ணிலும் நீரிலும் வாழும் ஏராளமான இனங்கள் அதில் அடக்கம். கத்தரியும் கண்டங்கத்திரியும்கூட ஒரே பேரினம்தான். அதற்காக முள்ளைக் கத்தரிக்காய் என்று யாரும் கொத்சு வைப்பதில்லையே!

உங்கள் பொடியில் இருப்பது சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். வேரைச் சுற்றிக் குடியேறி, மண்ணிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துத் தன்வசமாக்கும் ஒரு பொருளைச் சுரக்கும். இரும்பு கிடைக்காமல் நோய்ப் பூஞ்சைகள் நலியும். பூஞ்சையைத் தாக்கும் வேறு சுரப்புகளும் இதற்கு உண்டு. குலைநோய்க்கும் இலையுறைக் கருகலுக்கும் பரிந்துரைப்பது இதனால்தான். 25 முதல் 30 டிகிரி வரை செழிக்கும் இந்த இனத்துக்கு நம் உடம்பின் 37 டிகிரிச் சூடு ஒத்துவராது.

கண் நோயில் பெரும்பாலும் பிடிபடுவது சூடோமோனாஸ் ஏருஜினோசா. இது 42 டிகிரியிலும் வளரும். நீலப்பச்சை நிறமியைச் சுரக்கும். முன்பெல்லாம் காயக்கட்டுத் துணியில் நீலச் சீழ் படிந்ததற்குக் காரணம் இதுதான். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாது. தீக்காயக்காரர்களையும் வென்டிலேட்டரில் இருப்பவர்களையும் பாடாய்ப் படுத்தும். கருவிழியில் நுழைந்தால் ஓரிரு நாளிலேயே பெரிய சேதம் செய்துவிடும். ஆகவே டாக்டர் சொன்ன சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிட வேண்டாம். மீந்துபோன பழைய ஸ்டீராய்டு சொட்டு மருந்து வீட்டில் இருந்தால், அதைக் கண்ணுக்குக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது.

எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் முதலில் சந்தேகப்படுவது லென்ஸ் டப்பாவை. ஈரம் காயாத டப்பா, குழாய்த் தண்ணீரில் அலசிய லென்ஸ், பழைய கரைசலைக் கொட்டாமல் மேலே ஊற்றி நிரப்புவது, லென்ஸோடு தூங்குவது: ஏருஜினோசாவுக்கு இவை போதும். புண் ஆறி, டாக்டர் அனுமதித்த பிறகு புது லென்ஸ், புது டப்பாவோடுதான் தொடங்க வேண்டும். தினமும் டப்பாவைப் புதுக் கரைசலால் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

இனி பொடி விஷயம். கிலோ விதைக்கு 10 கிராம் போதும். கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியோடு சேர்க்க வேண்டாம். வெயிலடிக்கும் மோட்டார் கொட்டகையிலும் வைக்காதீர்கள். பேசில்லஸ் போல வித்து உண்டாக்கிக்கொண்டு சூட்டைத் தாங்கத் தெரியாத பாக்டீரியா இது. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்; நாள் கடந்திருந்தால் விதைக்கு வெறும் டால்க் மாவு பூசியதாகத்தான் ஆகும்.