மிச்ச நூலில் ஒரு போர்வை

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால், பாடசாலை மண்டபத்துச் சீமெந்துத் தரையிலும் தறப்பாள் கொட்டிலிலும் படுப்பவர்களுக்கு இரவு நீண்டதாகவே இருக்கும். எமது பகுதிக் குளிர் நுவரெலியாக் குளிரல்ல. ஆனால் ஈரத் தரையும் ஈரக் காற்றும் சேர்ந்தால், கைக்குழந்தையும் வயோதிபரும் நடுங்குவதற்கு அது போதும். நிவாரணமாகக் குடும்பத்துக்கு ஒன்றோ இரண்டோ விரிப்புக் கிடைக்கிறது. ஐந்தாறு பேர் படுக்கும் இடத்தில் அதை யாருக்குப் போர்த்துவது என்பதைத் தாய்மாரே தீர்மானிக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் தங்களுக்குப் போர்த்துவதில்லை.

அதே வேளையில் எமது தையல் நிலையங்களின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பொலித்தீன் பைகளுக்குள் துண்டு துண்டாக நூல் கிடக்கும். பிள்ளைகளின் கைவேலைக்கு வாங்கியதில் எஞ்சிய கால் உருண்டை, குழந்தைத் தொப்பி பின்னியதில் மீந்த நீலம், வெளிநாட்டு உறவினர் பொதி செய்து அனுப்பிய பழைய சுவெற்றர்கள். தனியே எடுத்தால் எதுவும் ஒரு வேலைக்கும் போதாது. எறியவும் எவருக்கும் மனம் வராது. இந்த மிச்சங்களைச் சேர்த்துக் குரோசே ஊசியால் ஒரு போர்வை பின்னும் முறையை இம்முறை படிப்போம்.

ஏன் சதுரம்?

போர்வையை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒரே துணியாகவும் பின்னலாம். இடம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஒரு மீற்றர் அகலமான பின்னலை மடியில் சுமந்துகொண்டு தண்ணீர் வரிசையில் நிற்க முடியாது. சிறு சிறு சதுரங்களாகப் பின்னிக் கடைசியில் இணைப்பதே எமக்குப் பொருத்தம். ஒரு சதுரம் கைப்பைக்குள் அடங்கும். அரைமணி நேரத்திலோ ஒரு மணி நேரத்திலோ முடிந்துவிடும்.

2009இல் செட்டிகுளத்து முகாமொன்றில் ஒரு வயதான தாய் எனக்கு இதை நன்றாக விளங்க வைத்தார். பல இடம் மாறி வந்தவர். அவரிடம் ஒரு சீனிப் பைக்குள் பதினாறு சதுரங்கள் இருந்தன. "சுவாமி, பாதி தைச்ச சட்டையோட ஓடினா அது ஒண்டுக்கும் உதவாது. இது பதினாறு கிடந்தா பதினாறும் முழுசு" என்றார். குரோசேயில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு ஊசிப் பின்னலில் முப்பது கண்ணிகள் ஒரே நேரத்தில் ஊசியில் நிற்கும்; பிள்ளை இழுத்தால் முழுவதும் கழன்றுவிடும். குரோசேயில் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரேயொரு கண்ணி. இழுபட்டாலும் சிறிதளவே போகும்.

துண்டு துண்டாக வீடுகளில் செய்து பின்னர் இணைப்பது புதிய வழியல்ல. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் ஏற்பட்டது. கமக்காரக் குடும்பங்கள் நிலத்தை இழந்து கப்பலேறின. அப்பஞ்ச காலத்தில் கன்னியர் மடங்களும் போதகர்களின் குடும்பங்களும் பெண்களுக்குக் குரோசே பழக்கினார்கள். மொனகன் மாவட்டத்துக் குளோன்ஸ் என்ற ஊரில் 1847இல் அங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் இதைத் தொடக்கி வைத்தார். ஒரு வீட்டில் பூ, இன்னொரு வீட்டில் இலை என்று பின்னினார்கள். பிறகு அவற்றை வலைப்பின்னலால் இணைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. ஆயினும் அது பணக்காரரின் உடைக்கான சரிகை. நாகரிகம் மாறி, இயந்திரச் சரிகையும் மலிந்தபோது அந்த வருமானம் சுருங்கிப்போயிற்று.

இதை ஒரு காரணத்தோடுதான் எழுதுகிறேன். பயிற்சி கொடுக்க வருபவர்கள் சிலர், "பின்னுங்கள், விற்றுத் தருகிறோம்" என்று சொல்லிச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். நான் அறிந்த ஒரு கிராமத்தில் நாற்பது பெண்கள் மூன்று மாதம் பின்னினார்கள். வாங்குவதாகச் சொன்னவர்கள் திரும்பி வரவில்லை. கையால் பின்னும் போர்வைக்கு முப்பது, நாற்பது மணித்தியாலம் செல்லும். அந்தக் கூலியைக் கொடுத்து வாங்கக்கூடியவர் எமது சந்தையில் அரிது. ஆகையால் முதற் போர்வை உங்கள் பிள்ளைக்கு. இரண்டாவது அயல் வீட்டுக் கிழவிக்கு. விற்பனையைப் பிறகு பார்ப்போம்.

நூலைத் தெரிதல்

கடைகளில் "வூல்" என்று விற்பதில் பெரும்பகுதி ஆட்டுரோமம் அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். எது எதுவென அறிய, விரலளவு துண்டை இடுக்கியால் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருப்புக் காட்டுங்கள். தலைமயிர் கருகும் மணம் வந்து, கருகியது விரலில் பொடிந்தால் உண்மைக் கம்பளி. கடதாசி எரியும் மணமும் மென்சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நின்றால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். ஒரு போர்வையில் கம்பளியையும் மற்றவற்றையும் கலக்காதிருப்பது நல்லது. சுடுநீரில் அடித்துத் துவைத்தால் கம்பளி சுருங்கும், மற்றவை சுருங்கா, போர்வை கோணிவிடும்.

பழைய சுவெற்றரைக் குலைக்குமுன் பக்கத்து மூட்டை உட்புறம் திருப்பிப் பாருங்கள். மூட்டு ஓரம் ஒழுங்கான சங்கிலிக் கரையாக இருந்தால் நூல் தொடர்ச்சியாக வரும். துணியைப் போல வெட்டி, இயந்திரத்தால் ஓரம் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரியும் வெட்டுப்பட்டிருக்கும், முழத்துக்கு ஒரு துண்டுதான் கிடைக்கும். நல்லதாயின் மூட்டுகளைப் பிரித்து, கழுத்துப் பக்கத்திலிருந்து இழுங்கள். குலைத்த நூல் நெளிந்திருக்கும். அதைக் கதிரையின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவிட்டால் நேராகும்.

மருதமுனை போன்ற இடங்களில் கைத்தறி ஓரங்களில் மீதியாகும் பருத்தி நூல் மெல்லியது. மூன்று, நான்கு இழைகளைச் சேர்த்து ஒரு நூலாகப் பிடித்துப் பின்னலாம்.

பின்னத் தொடங்குமுன் ஒரு வேலை உண்டு. கிடைத்ததில் எந்த நிறம் அதிகமோ அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அதுவே எல்லாச் சதுரத்துக்கும் வெளிச்சுற்று, இணைப்பதும் அதனால்தான். கடும் நீலம், மண்ணிறம், கறுப்பு எதுவும் ஆகலாம். உள்ளே எத்தனை நிறம் சண்டை பிடித்தாலும் இந்த ஒரே கரை அவற்றை அடக்கிவிடும். இதை மறந்து முதலில் அந்நிறத்தையே முடித்துவிட்டு, பிறகு சந்தையெல்லாம் அதைத் தேடியவர்கள் பலர்.

பின்னும் முறை

நடுத்தர நூலுக்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் தடிப்பான குரோசே ஊசி வேண்டும். இல்லையேல் முற்றிய மூங்கிலில் சீவி, முனையில் கொளுக்கி வெட்டி, கண்ணாடித் துண்டால் வழித்து அழுத்தமாக்கிக் கொள்ளலாம். நூல் சிக்காதவரை தேய்க்க வேண்டும்.

ஊசியில் ஒரு கண்ணி இட்டு, 4 சங்கிலி பின்னி, முதலாவதோடு கொழுவி வளையமாக்குங்கள். 3 சங்கிலி மேலெழுப்புங்கள். அது முதலாவது நீள்தையலாகக் கணக்கு. வளையத்தினுள் மேலும் 2 நீள்தையல் போட்டால் மூன்றும் ஒரு கூட்டம். நீள்தையல் என்பது இதுதான்: ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, வளையத்தினுள் விட்டு, நூலை இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலைக் கொழுவி இரண்டினூடாக இழுங்கள். மறுபடி கொழுவி எஞ்சிய இரண்டினூடாக இழுங்கள். (இங்கிலாந்துப் புத்தகங்கள் இதை ட்ரெபிள் என்றும், அமெரிக்கப் புத்தகங்கள் டபுள் குரோசே என்றும் சொல்லும். வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரியைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.)

கூட்டத்துக்குப் பின் 2 சங்கிலி, அடுத்த கூட்டம், மீண்டும் 2 சங்கிலி. இவ்வாறு நான்கு கூட்டமும் நான்கு மூலை இடைவெளியும் வந்ததும், ஆரம்பத்து 3 சங்கிலியின் உச்சியில் கொழுவி முடியுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் ஒரு கூட்டம், 2 சங்கிலி, மறுபடி ஒரு கூட்டம். மூலைக்கும் மூலைக்கும் நடுவே 1 சங்கிலி. மூன்றாம் சுற்றிலிருந்து பக்கத்திலுள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் ஒரு கூட்டம் சேரும். மூலைகள் எப்போதும் இரண்டாம் சுற்றைப் போலவே.

உள்சுற்றுக்கு நூல் குறைவாகவே செல்லும்; முதற் சுற்றுக்கு 2 மீற்றரளவு போதும். எனவே மிகச் சிறிய மிச்சத்தை நடுவுக்கும் பெரியதை வெளியேயும் பாவியுங்கள். புதிய நிறத்தை மூலை இடைவெளியில் தொடங்கி, இரு நூல் முனைகளையும் கூட்டத்தின் உள்ளே வைத்து அவற்றின் மேலேயே பின்னுங்கள். ஓரமாக முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டு துவைப்பில் அவிழும்.

சுற்றுகளை எண்ணி நிறுத்தாதீர்கள். தடித்த நூலில் நான்கு சுற்றும் மெல்லியதில் ஏழு சுற்றும் ஒரே அளவாகலாம். 15 சென்ரிமீற்றர் சதுரமாக ஒரு மட்டை வெட்டி, பின்னுகிற எல்லோரும் ஒவ்வொன்று வைத்திருங்கள். வெளிநிறச் சுற்றோடு சதுரம் மட்டையை மூடவேண்டும். இரண்டு ஊசிப் பின்னல் மட்டும் தெரிந்தவர்களும் சேரலாம்: மட்டையின் அகலத்துக்குக் கண்ணிகள் போட்டு, எல்லா வரியையும் ஒரே தையலில் பின்னி, உயரம் வந்ததும் முடித்து, சுற்றிவரக் குரோசேயில் வெளிநிறத்தை இட்டால் சரி.

பிள்ளைக்கு 7க்கு 9 ஆக 63 சதுரம் வேண்டும். 105க்கு 135 சென்ரிமீற்றர் வரும். பெரியவருக்கு 10க்கு 13 ஆக 130 சதுரம். முதல் 5 சதுரத்தைக் கடைத் தராசில் நிறுங்கள். அது 50 கிராம் என்றால் 63க்கு 630 கிராம். இணைப்புக்கும் கரைக்கும் மேலும் 100 கிராமாவது வேண்டும். ஒன்பது பெண்கள் சேர்ந்தால் ஆளுக்கு ஏழு சதுரம்தான். சென்னையில் 2016 ஜனவரி 31 அன்று பெண்கள் குழுவொன்று 11,148.5 சதுர மீற்றர் பரப்பான குரோசேப் போர்வையை விரித்து உலக சாதனை படைத்தது. பலர் தத்தம் வீட்டில் பின்னிக் கொடுத்த துண்டுகளை இணைத்துத்தான் அதையும் செய்தார்கள். எமக்கு 63 போதும்.

இணைக்குமுன் எல்லாவற்றையும் பாயில் பரப்பி, ஒரே நிறம் பக்கத்தில் பக்கத்தில் வராமல் மாற்றி வையுங்கள். இதைப் பிள்ளைகளிடம் விட்டால் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். பிறகு மொட்டை ஊசியால் ஓரத்துக்கு ஓரம் இறுக்காமல் தையுங்கள். இப்பின்னலில் துளைகள் உண்டு, காற்று புகும். பழைய பருத்திச் சேலையையோ சாரத்தையோ பின்பக்கம் வைத்துச் சுற்றிவரத் தைத்து, நடுவிலும் ஆங்காங்கே குத்திவிட்டால் சூடு நிற்கும், துளையில் பிள்ளையின் விரலும் மாட்டாது.

பாவிக்கும்போது

அக்ரிலிக் போர்வையைக் குப்பி விளக்குக்கும் அடுப்புக்கும் அருகே கொண்டுபோக வேண்டாம். அது உருகித் தோலில் ஒட்டும். சிறிய கொட்டிலில் விளக்கு எங்கே, படுக்கை எங்கே என்பதை முதலில் மாற்றி ஒழுங்குபடுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தனியே உறங்கும்போது தளர்வான போர்வை எதையும் மேலே போட்டுவிடக் கூடாது. மடியில் வைத்துச் சுற்றிக்கொள்ளலாம்.

நனைந்த போர்வை பாரமானது. ஒரு ஓரத்தில் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். பாயிலோ இரண்டு கொடிகளுக்கு மேலாகவோ விரித்துக் காயவிடுங்கள். முகாம்களில் சொறிச் சிரங்கு பரவினால் சிகிச்சை பெறும் நாளிலேயே போர்வையையும் கவனிக்க வேண்டும். கம்பளியைச் சுடுநீரில் இட முடியாததால், அதை ஒரு பொலித்தீன் பைக்குள் இறுகக் கட்டி ஒரு வாரம் தள்ளி வையுங்கள். மனிதத் தோலைவிட்டு அகன்ற சிரங்குப் பூச்சி சில நாட்களில் இறந்துவிடும். பொதியில் வந்த பழைய சுவெற்றர்களையும் குலைக்குமுன் இவ்வாறே செய்யலாம்.

கடைசியில் சாணளவுக்கும் குறைந்த நூல் முனைகள் ஒரு குவியலாகச் சேரும். அவற்றைக் கூட்டி எறியவேண்டாம். ஒரு பழைய துணிப்பையில் அடைத்துத் தைத்தால் பிள்ளைக்குத் தலையணை.