பூவும் பொறியும்: மெட்ராஸ் ரெஜிமென்டின் யானை இலச்சினை

முன்னுரை

படைவீரரின் தொப்பியில் விளங்கும் சிறு உலோகச் சின்னத்தை நாம் அணிகலன் எனக் கருதிக் கடந்துவிடுகிறோம். ஆயின் அது பொருள் பொதிந்த ஓர் ஏடாகும். கேடயத்தின் மேல் ஒரு யானை, குறுக்கிட்ட இரு வாள்கள்: இதுவே மெட்ராஸ் ரெஜிமென்டின் இலச்சினை. இந்த யானை எங்கிருந்து வந்தது? அதன் பொருளை முடிவு செய்பவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூச்சூடிய படை

படைக்கு அடையாளம் வேண்டும் என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர் எனப் பூக்களை வகுத்துரைக்கும் தொல்காப்பியர், போர்க்களத்தில் இன்னார் படை இதுவென இனங்காண்பதற்கே அவை சூடப்பட்டன என்னும் காரணத்தையும் சுட்டுகிறார். வில், கயல், புலி ஆகிய பொறிகள் கொடியிலும் காசிலும் முத்திரையிலும் இடம்பெற்றன.

இவற்றின் வேறாக, வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்பன செயலைக் குறித்தன. வெட்சி சூடியவன் ஆநிரை கவரச் செல்கிறான். உழிஞை சூடியவன் மதிலை வளைக்கிறான். வாகை சூடியவன் வென்று மீள்கிறான். எனவே ஒருவகைப் பூ ‘யார்’ என்பதற்கும், மற்றொரு வகை ‘என்ன செயல்’ என்பதற்கும் விடையாயிற்று. இக்காலப் படை இலச்சினை இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. அணிந்தவர் யார் என்பதோடு, அவர்தம் முன்னோர் என்றோ செய்த செயலையும் அது நினைவூட்டுகிறது.

அசாயி யானை

1758ஆம் ஆண்டைத் தன் தோற்ற ஆண்டாகக் கொள்ளும் இப்படைப்பிரிவின் வேர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளில் உள்ளது. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராட்டிர மாநிலத்து அசாயி என்னும் ஊரில், ஆர்தர் வெல்லெஸ்லியின் படை சிந்தியா, போன்ஸ்லே ஆகியோரின் பெரும் மராட்டியப் படையை வென்றது. அப்போரில் பங்குகொண்ட சென்னைச் சிப்பாய்ப் படைகளுக்கு வெற்றிச் சிறப்பாக வழங்கப்பட்டதே யானைச் சின்னம். உடன் பொருத ஸ்காட்லாந்துப் படையும் அதே யானையைப் பெற்றது.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. நம் புறப்பாடல் மரபில் யானை பெரும்பாலும் வெல்லப்படும் பொருள். கைவேலைக் களிற்றின்மேல் எறிந்துவிட்டு, தன் மார்பில் தைத்த வேலைப் பறித்து மகிழும் வீரனைப் படைச்செருக்கில் காட்டுவார் வள்ளுவர். ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கே பரணி உரியது என்பர். அசாயிக்குப் பின்னரோ, யானை வீரனுக்கு எதிரே நிற்கவில்லை. அவன் தலைமேல் ஏறிற்று.

கைமாறிய வாசகம்

சின்னங்கள் கைமாறும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. திப்பு சுல்தான் புலியையும் அதன் வரிகளையும் தம் அரசின் அடையாளமாகக் கொண்டார். ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்னும் பொருளுடைய ‘அஸதுல்லாஹில் ஃகாலிப்’ என்ற அரபு வாசகத்தைத் தம் படைக்கலங்களில் பொறிக்கச் செய்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதன் நினைவாகக் கம்பெனி வெளியிட்ட பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. சிங்கத்தின் மேலுள்ள கொடியில் அதே அரபு வாசகம் காணப்படுகிறது! உயர் அதிகாரிகளுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் வார்க்கப்பட்ட அப்பதக்கம், சிப்பாய்களுக்கு ஈயக் கலவையில் கிடைத்தது. எழுத்து ஒன்றே, உரிமை கொண்டாடியவர் வேறு.

நம் வட்டாரம் உணர்த்துவது

இம்முரணைச் சங்கரன்கோவில் வட்டாரத்தார் எளிதில் உணர்வர். அருகிலுள்ள நெற்கட்டும்செவலிலிருந்து கம்பெனியை எதிர்த்து நின்றவர் பூலித்தேவர். அவர் சங்கரநாராயணர் கோயிலில் புகுந்து மறைந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. 1761இல் அவர் கோட்டைகளை வீழ்த்திய சிப்பாய்ப் படையின் தலைவர் கான்சாகிபு எனப்பட்ட யூசுப்கான். அந்த யூசுப்கானே பின்னர் ஆர்க்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தெழுந்து, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அணிந்த சின்னத்தைக் கொண்டு மட்டும் ஒரு வீரனை அளந்துவிட இயலாது என்பதற்கு இவ்வரலாறே சான்று.

அவ்வாறாயின், அந்நியர்க்காக நம்மவரை வென்றதற்குக் கிடைத்த யானையை விடுதலை பெற்ற நாட்டின் படை அணிவது தகுமா? மாணவர் கேட்க வேண்டிய கேள்வியே இது. வென்ற வெல்லெஸ்லி பின்னர் வெலிங்டன் பிரபு ஆனார். படைப்பிரிவின் பயிற்சி மையம் இன்று நீலகிரியில் அவர் பெயர் தாங்கிய ஊரிலேயே உள்ளது. ஆயினும் அங்கு உறுதிமொழி ஏற்பவர் இந்தியக் குடியரசுக்கே ஏற்கின்றனர். தமிழரும் மலையாளிகளும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே யானையின் கீழ் நிற்கின்றனர். தன் கடமையில் நின்று மாய்தல் சிறப்பு என்னும் பொருளுடையது அவர்தம் முழக்கவுரை. விடுதலைக்குப் பின் நாட்டின் எல்லைகளில் சிந்தப்பட்ட குருதி, அந்த யானைக்குப் புதிய உரை எழுதியுள்ளது.

முடிவுரை

எந்தச் சின்னத்தைக் காணினும் மூன்று வினாக்களை எழுப்புவோம்: எச்செயலுக்காக வந்தது? கொடுத்தவர் யார்? இன்று அணிபவர் எதற்காக அணிகிறார்? முதல் இரண்டின் விடைகளை மறைத்தல் வரலாற்றுக்குச் செய்யும் பிழை. மூன்றாவதன் விடையை மறத்தல் வீரர்க்குச் செய்யும் பிழை. பொறியைச் செதுக்குபவர் ஒருவர். அதற்குப் பொருள் தருபவர் அதை அணிந்து வாழ்பவரே என்பது நம் துணிபு.