துயிலில் நிற்கும் மூச்சு

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், நெடுநாளாக இதயத் தளர்ச்சியுற்ற முதியவர் ஒருவர் திண்ணையில் துயில்கின்றார் என்று கொள்வோம். நள்ளிரவில் அவர்தம் மூச்சுச் சிறிது சிறிதாகப் பெருகி, இரைந்து, பின்பு படிப்படியாகத் தணிந்து, முற்றிலும் நின்றுவிடுகின்றது. அருகில் விழித்திருக்கும் துணைவியார் அஞ்சி அவர் தோளைத் தொடுகின்றார். அதற்குள் மூச்சு மீண்டும் எழுகின்றது.

இத்தகைய மூச்சை 1818-ஆம் ஆண்டிலேயே டப்ளின் நகரத்து மருத்துவர் ஜான் செயின் என்பார் கண்டு எழுதிவைத்தார். அவர் கண்ட நோயாளிக்குக் கால் நிமிடம் மூச்சு நின்று நின்று எழுந்ததாம். 1854-இல் அந்நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் என்பார் இதனை இதயநோயோடு சேர்த்து விளக்கினார். இருவர் பெயராலும் இது இன்றும் வழங்குகின்றது.

இதயம் தளர்ந்தால் மூச்சு ஏன் நிற்கவேண்டும்? ஏரிப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். மடை திறப்பவன் கரையில் நிற்கின்றான். கடைமடை வயலோ தொலைவில் உள்ளது. வயல் நிரம்பிய செய்தி காலந்தாழ்ந்து வருமாயின், நீர் வரப்பை உடைத்தோடும். அவன் விரைந்து மடையை அடைப்பான். வயல் காய்ந்த செய்தியும் தாழ்ந்தே வரும். நம் மூளையிலுள்ள முகுளமும் அம் மடைக்காவலன் போன்றதே. குருதியிலுள்ள கரியமிலவாயுவின் அளவை அறிந்து அது மூச்சை ஏவுகின்றது. தளர்ந்த இதயம் குருதியை மெல்லச் செலுத்துதலால், அச்செய்தி தாழ்ந்தே சேரும். நுரையீரலில் நீர் தேங்குவதால் மூச்சு மிகுகின்றது; கரியமிலவாயு அளவிற்கு மேல் குறைகின்றது; ஏவல் நின்றுபோகின்றது. வாயு மீண்டும் பெருகிய பின்னரே மூச்சு எழும்.

தொண்டை அடைபட்டுக் குறட்டையோடு மூச்சு நிற்பது வேறொரு வகை. அதற்கு, மூக்கின் வழியே காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியை 1981-இல் சிட்னி நகரத்துக் காலின் சல்லிவன் அறிமுகம் செய்தார். அதனால் பலர் நலம் பெற்றனர்.

அவ்வாறாயின், முகுளத்தின் ஏவல் நிற்கும் வகைக்கும் காற்றுக் கருவியே போதுமன்றோ? மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினர். மூச்சுக்கேற்பக் காற்றழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் நுட்பமான கருவியொன்றை, இதயம் தளர்ந்த 1,325 பேரிடம் சோதித்தனர். முடிவு 2015-இல் வெளிவந்தது. மணிக்கு ஏறத்தாழ 31 முறை குலைந்த மூச்சு, கருவியணிந்தோர்க்கு ஓராண்டில் 7 முறையளவிற்குக் குறைந்தது. ஆனால் அவர்களுள் நூற்றுக்கு 30 பேர் இதய, குருதிக்குழாய் நோயால் இறந்தனர். கருவியணியாதோருள் 24 பேரே அவ்வாறு இறந்தனர்! மூச்சுச் சீர்ப்பட்டது, உயிரோ காக்கப்படவில்லை. 2024-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், புதுவகைக் கருவி தீங்கு செய்யவில்லை, ஆயுளையும் நீட்டவில்லை.

ஆதலின் மருத்துவர் முதற்கண் இதயத்தையே பேணுகின்றனர். மருந்துகளால் அதன் சுமையைக் குறைத்து, தேங்கிய நீரை வெளியேற்றி, உப்பையும் குறைக்கச் சொல்வர். இதயம் தேறத் தேற மூச்சும் பெரும்பாலும் ஒழுங்குறும். குறட்டை வகையா, ஏவல் நிற்கும் வகையா என்பதை, இரவு முழுதும் மூச்சை அளந்து பார்த்தே துணிவர்.

நம் முதியவரின் மகன் கைக்கடிகாரத்துடன் ஓரிரவு விழித்திருந்து, மூச்சு எத்தனை நொடி நிற்கின்றது, குறட்டை உண்டா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்கின்றான். மறுநாட் காலையில் அத்தாளுடனும் தந்தையுடனும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தேறுகின்றான்.